மாற்றிய இடுப்பும் மாறாத லயமும்



போன ஐப்பசி மழையில் ஒரு தோட்டத்து மேல்கணக்கு லயத்துக்குப் போயிருந்தேன். அங்கே இருக்கும் நமது அங்கத்தவரான ஓர் அக்காவுக்கு 56 வயது. 18 வயதில் பேர் பதிந்தவர். நான்கு வருடமாக நொண்டி நொண்டி மலை ஏறியவர். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் இடது பக்க இடுப்பு மூட்டை மாற்றினார்கள். ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாளே எழுந்து நிற்க வைத்தார்கள். ஆறாம் நாள் வோக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தே வார்ட்டை விட்டு வந்தார். வீட்டுக்கு வந்த பதினான்காம் நாள் விடியற்காலையில், லயத்துக்குக் கீழே 22 படி இறங்கி, நாலு குடும்பத்துக்குப் பொதுவான கக்கூசில் குந்தினார். "டொக்" என்று ஒரு சத்தம். புது மூட்டு கழன்றுவிட்டது.

ஆறு ஆம்பளைகள் பலகையில் வைத்து ரோட்டுவரை தூக்கிப் போனார்கள். அங்கிருந்து கொழுந்து லொறி. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திரும்பப் பொருத்திய டொக்டர், "குந்தக் கூடாது என்று சொன்னேனே, வீட்டில் கொமட் இல்லையா?" என்று கேட்டாராம். அக்கா சொன்ன பதில்: "இருந்தா நான் ஏன் ஐயா குந்துறேன்?"

இந்த ஒரு பதிலைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறேன். டொக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். உள்ளே வைத்த உலோகமும் சரியாகத்தான் இருந்தது. அக்காவும் சொன்னபடி மருந்து குடித்தார், சொன்னபடி நடந்தார். பிழைத்துப் போனது லயம். ஆஸ்பத்திரி மாற்றிக் கொடுத்த இடுப்பைத் தோட்டம் கழற்றிப் போட்டது. ஆகவே இடுப்பு ஆப்பரேஷன் என்பது ஒரு குடும்பத்தின் தலைவிதி அல்ல, சம்பளத்தையும் வீட்டையும் போலத் தொழிற்சங்கம் கையில் எடுக்க வேண்டிய விடயம் என்று சொல்கிறேன்.

"வயசுக் கோளாறு" என்ற சாட்டு

அந்த அக்காவின் வீட்டோரமாக ஒரு கொமட் வைத்துத் தாருங்கள் என்று கேட்கத் தோட்டக் காரியாலயத்துக்குப் போனோம். கிடைத்த பதில்: "அது வயசுக் கோளாறு. தோட்டத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் செக்ரோலில் இருக்கிறது. நாளுக்கு 18 கிலோ, வருடத்துக்கு 250 பேர், 30 வருடம் என்று கணக்குப் போடுங்கள். 1,35,000 கிலோ. அதாவது 135 தொன் பச்சைக் கொழுந்து ஒரு பெண்ணின் முதுகில் ஏறி இறங்கியிருக்கிறது. அதுவும் சமதரையிலா? செங்குத்து மலையில், வழுக்கும் கானில், ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்துக்கொண்டு. வேலை முடிந்த பிறகு விறகும் தண்ணீரும் அதே இடுப்பில்தான். ஆண்களுக்கு உர மூடை, மருந்துத் தாங்கி, கொழுந்துச் சாக்கு.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. தொடை எலும்பின் தலைதான் பந்து, இடுப்பெலும்பில் உள்ள குழிதான் கிண்ணம். இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான குருத்தெலும்பு. அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். வயது போகப் போகத் தேயும் என்பது உண்மைதான். பரம்பரை, பழைய காயம், வேறு நோய் என்று மற்றக் காரணங்களும் உண்டு. ஆனால் காலமெல்லாம் பாரம் தூக்குபவர்களுக்கு, குறிப்பாக விவசாய வேலை செய்பவர்களுக்கு, இந்தத் தேய்வு கூடுதலாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன.

ஜெர்மனியில் 2021 ஆகஸ்ட் 1 முதல், பாரம் சுமந்ததால் வந்த இடுப்பு மூட்டுத் தேய்வு சட்டப்படி ஒரு தொழில் நோய். அவர்கள் வைத்திருக்கும் அளவு கடுமையானது. 20 கிலோவுக்குக் குறையாத பாரத்தை நாளுக்குப் பத்துத் தடவையாவது தூக்கியிருக்க வேண்டும். வேலைக்காலம் முழுவதும் சேர்த்து 9,500 தொன் வர வேண்டும். கொழுந்துக்கூடை அந்தக் கணக்குக்குள் வராது என்று கம்பனி சொல்லும். வராமல் இருக்கலாம். ஆனால் வேலை இடுப்பைத் தேய்க்கும், தேய்த்தால் அதற்குப் பொறுப்பு உண்டு என்ற கொள்கையை ஒரு நாடு எழுத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மலைச்சரிவுக்கு என்ன அளவு, கூடைக்கு என்ன அளவு என்று நமது நாட்டுக்கு ஏற்றபடி நாம் பேசுவோம். பேசவே மாட்டோம் என்றால்தான் அது சாட்டு.

படுத்தால் பட்டினி

ஆப்பரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் மலை ஏற முடியாது. மாதத்துக்கு 25 பேர் என்றால் 75 பேர். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தின்படி பார்த்தால்கூட 1,01,250 ரூபா போய்விடுகிறது. பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ இரண்டு கிழமை நின்றால் இன்னும் 12 பேர், 16,200 ரூபா. அந்த மாதங்களுக்குக் கம்பனி கட்ட வேண்டிய 12 வீத சேமலாப நிதியும் 3 வீத நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் கூட இல்லை.

கொழும்பில் ஒரு காரியாலயத்தில் வேலை செய்பவருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்கும் வருடத்தில் 7 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. அந்த ஏழு நாளும் பெரிய உதவி அல்லதான். நமக்கு அதுவும் இல்லை. மலைக்குப் போனால் பேர், படுத்தால் பட்டினி. அதனால்தான் நமது பெண்கள் நான்கு வருடம் நொண்டுகிறார்கள். அதனால்தான் ஆப்பரேஷன் முடிந்து ஆறாவது கிழமையே கூடையைத் தேடுகிறார்கள். பிறகு "சொல்வழி கேட்காத ஜனங்கள்" என்ற பெயரும் நமக்குத்தான்.

நமது பிழையும் உண்டு

கம்பனியை மட்டும் ஏசிவிட்டு முடித்தால் அது நேர்மையாகாது. வலியை வாயு என்கிறோம். எண்ணெய் போட்டு உருவுகிறோம். கடையில் வலிக் குளிசை வாங்கி வருடக்கணக்கில் போடுகிறோம். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. இடுப்பு மூட்டு வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் வலிக்கும். செருப்புப் போடக் குனிய முடியாமை, படி ஏறக் கஷ்டம், இரவில் திரும்பிப் படுக்க முடியாமை, நொண்டல், இவை இருந்தால் டிஸ்பென்சரியில் குளிசையோடு திரும்ப வேண்டாம். எக்ஸ்ரேயும் எலும்பு டொக்டரின் கிளினிக்குக்குக் கடிதமும் கேளுங்கள்.

"ஆப்பரேஷன் செய்தால் பிறகு நடக்கவே முடியாது" என்ற பயமும் லயத்துக்கு லயம் உலவுகிறது. ஜோன் சார்ன்லி என்ற ஆங்கிலேய டொக்டர் இன்றைய முறையிலான இடுப்பு மாற்றத்தை 1962இல் தொடங்கினார். உலகமெங்கும் இலட்சக்கணக்கானோர் செய்துகொள்ளும் ஆப்பரேஷன் இது. மாற்றிய மூட்டுகளில் பத்தில் ஆறு அளவுக்கு 25 வருடம் நின்று பிடிக்கின்றன என்று 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஆப்பரேஷன் தேவையும் இல்லை. அதைத் தீர்மானிப்பது டொக்டரும் நீங்களும், பக்கத்து வீட்டுப் பேச்சு அல்ல.

சங்கமும் தன் முதுகைப் பார்க்க வேண்டும். சம்பளப் பேச்சு நடக்கும்போது மட்டும் பிரட்டுக் களத்துக்கு வருகிறோம். ஒரு அங்கத்தவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஒரு டின் பால்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அது அன்பு, சரி. தொழிற்சங்க வேலை அதற்கு மேலே இருக்கிறது.

திகதி கிடைத்ததும்

ஆப்பரேஷன் திகதிக்காகக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம்.

முதலில் இரத்தம். தோட்டப் பெண்கள் பலருக்கு இரத்தசோகை இருக்கிறது. முன்கூட்டியே சோதித்து, இரும்புச்சத்துக் குளிசை தந்தால் ஒழுங்காகக் குடியுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலமாவது விட்டுக் குடியுங்கள். சீனியும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

அடுத்தது புண். சொத்தைப் பல், சிறுநீர்க் கடுப்பு, சொறிந்து புண்ணாகிப் போன அட்டைக்கடி, விரலிடுக்குச் சேற்றுப்புண், எல்லாவற்றையும் முன்னரே ஆற்றிக்கொள்ளுங்கள். அங்கேயிருந்து கிருமி புது மூட்டுக்குப் போனால் மூட்டையே திரும்ப எடுக்க வேண்டி வரலாம். புகையிலையும் பீடியும் சிகரெட்டும் காயம் ஆறுவதைத் தாமதமாக்கும். வெற்றிலையில் வைக்கும் புகையிலையும் இதில் சேர்த்திதான். திகதி தெரிந்த நாளிலிருந்து நிறுத்துங்கள். நீங்கள் குடிக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர்களே சொல்வார்கள்.

படுத்தபடி தொடையை இறுக்கித் தளர்த்துவது, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, வோக்கர் பிடித்து நடப்பது, இவற்றை ஆப்பரேஷனுக்கு முன்னரே பழகியவர்கள் பிறகு சீக்கிரம் எழும்புகிறார்கள். பிசியோதெரபி பிரிவில் கேட்டால் காட்டித் தருவார்கள்.

காசு விடயம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் இலவசம். ஆனால் உள்ளே வைக்கும் மூட்டைப் பல வேளைகளில் வெளியே வாங்கித் தரச் சொல்வார்கள். இதைத் திகதி எடுக்கும் நாளிலேயே கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆப்பரேஷனுக்கு முன்னரே போய் விசாரியுங்கள். சேமலாப நிதியில் 10 வருடப் பங்களிப்பும் 3 இலட்சம் ரூபா மீதியும் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கும் வழி உண்டு. உங்கள் சிகிச்சைக்கு அது பொருந்துமா என்று தொழில் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அது முதுமைக்கு வைத்த சோறு. தோட்டம் தேய்த்த எலும்புக்கு நம் முதுமைச் சோற்றை விற்க வைப்பது நியாயமா என்ற கேள்வியைக் கம்பனியிடம் கேட்டே தீர வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

முதல் ஆறிலிருந்து பன்னிரண்டு கிழமை வரை மூன்று விடயம் கூடாது. குந்தக் கூடாது. காலுக்கு மேல் கால் போடக் கூடாது. ஆப்பரேஷன் செய்த காலில் நின்றபடி உடம்பைத் திருப்பக் கூடாது. உட்காரும்போது முழங்கால் இடுப்பை விட உயரக் கூடாது. ஆகவே பலகைக்கட்டையும் பாயும் ஆகாது. கைப்பிடி உள்ள உயரமான கதிரை, கட்டில், கொமட் வேண்டும். டொக்டர் உங்களுக்கென்று வேறு விதமாகச் சொன்னால் அதையே கேளுங்கள்.

கொமட் வாங்க வசதியில்லாதவர்கள், உறுதியான கைப்பிடிக் கதிரை ஒன்றின் நடுவே ஓட்டை வெட்டி, கீழே வாளி வைத்துப் பாவிக்கிறார்கள். ஆடாமல் இருந்தால் அது போதும். வெட்கம் வேண்டாம். படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. கட்டிலிலிருந்து கதவு வரை சாக்கு, கயிறு, பாத்திரம் எதுவும் காலில் தடுக்கக் கூடாது. இரவில் வெளிச்சம் இருக்கட்டும்.

படுத்தே கிடப்பதும் பிழை. கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பல தடவை நடக்க வேண்டும். மழைநாளில் இஸ்தோப்பிலேயே நடக்கலாம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆப்பரேஷன் செய்த கால் முதலில்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்: கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். திடீரென மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். காயத்தில் சீழ், சிவப்பு, காய்ச்சல் என்றால் கிருமி. திடீர் வலியோடு கால் குட்டையாகித் திரும்பி நின்றால் மூட்டுக் கழன்றிருக்கலாம். எதுவானாலும் நேரே ஆஸ்பத்திரி. உருவ வேண்டாம், இழுக்க வேண்டாம்.

இலேசான வேலைக்கே ஆறு கிழமையிலிருந்து மூன்று மாதம் ஆகலாம். முழுதாகத் தேற ஒரு வருடமும் ஆகலாம். பாரத்தோடு செங்குத்து மலை ஏறுவது சிலருக்கு அதன் பிறகும் கூடாது. அதை எழுத்தில் தரச் சொல்லி டொக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம்தான் நமது ஆயுதம்.

இன்னொன்று. மலையில் விழுந்து இடுப்பு முறிந்தவர்கள் விடயம் வேறு. அது அவசரம். ஓரிரு நாளுக்குள் ஆப்பரேஷன் நடந்தால்தான் நல்லது. கட்டுப் போட்டு ஒரு கிழமை பார்ப்போம் என்றிருப்பது உயிருக்கே ஆபத்து. வேலையில் விழுந்தால் அது வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்துக்குள் வரும். 2022இன் திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் அதற்குள் அடங்கும். அன்றைக்கே காரியாலயத்தில் எழுத்தில் அறிவித்து, பிரதியில் கையொப்பம் வாங்கி, தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். "வீட்டில் விழுந்தது" என்று எழுதிய தாளில் கைநாட்டு வைக்க வேண்டாம்.

நாம் கேட்பவை

ஒன்று: பெரிய ஆப்பரேஷன் செய்துகொண்ட தொழிலாளிக்குத் தேறும் காலத்துக்குச் சம்பளத்தோடு லீவு. அது அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்கு நாட்சம்பளத்தோடு சேர்ந்தே போக வேண்டும்.

இரண்டு: டொக்டர் கடிதம் கொடுத்தவருக்குப் பிள்ளைக் காம்பராவிலோ தவறணையிலோ தொழிற்சாலையிலோ இலேசான வேலை, முழுப் பேரோடு. அரைப்பேர் வேண்டாம். பேரை வெட்டிவிட்டுக் கைக்காசுக்கு அழைப்பதும் வேண்டாம்.

மூன்று: ஒவ்வொரு லயத்துக்கும் கைப்பிடியோடு ஒரு உயர்ந்த மலசலகூடமாவது, அங்கே போகப் படியில்லாத பாதையோடு. இதற்குப் பல இலட்சம் தேவையில்லை. கொஞ்சம் சீமெந்து, ஒரு பேசின், இரண்டு குழாய், ஒரு மேசனின் சில நாள் வேலை. 7 பேர்ச் காணியில் கட்டும் புது வீடுகளிலும் இதைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

நான்கு: தோட்ட டிஸ்பென்சரியில் கடனாகக் கொடுக்க வோக்கரும் கொமட் கதிரையும், கிளினிக்குக்குப் போய்வர வாகனமும். கொழுந்தை ஏற்ற லொறி நேரத்துக்கு வருகிறது. கொழுந்து பறித்தவரை ஏற்றவும் ஒன்று வரட்டும்.

ஐந்து: பாரத்தால் வரும் மூட்டுத் தேய்வைத் தொழில் நோயாகக் கணக்கில் எடுக்கும்படி அரசாங்கத்திடம் கோரிக்கை.

கம்பனி நட்டக் கணக்குக் காட்டும். காட்டட்டும். 38 வருடம் பறித்த ஒருவர் குந்த முடியாமல் தவிக்கும்போது ஒரு கொமட்டுக்குக் காசில்லை என்று சொல்பவர்கள், பங்களாவில் எத்தனை கொமட் இருக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் எழுதட்டும்.

அந்த அக்காவுக்கு இப்போது ஒரு கொமட் இருக்கிறது. தோட்டம் தரவில்லை. லயத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வீட்டுப் பின்பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மகளிர் கமிட்டி சீமெந்துக்குக் காசு சேர்த்தது. அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் கம்பனியின் லயத்தில், கம்பனிக்காகத் தேய்ந்த இடுப்புக்கு, தொழிலாளியின் காசில் கொமட் என்பது வழக்கமாகிவிடக் கூடாது. அந்தச் சீமெந்துப் பில்லை வாங்கி வைத்திருக்கிறோம். காரியாலயத்துக்குக் கடிதத்தோடு அனுப்பியாகிவிட்டது.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும் தலைவர்கள் ஒரு வேலை செய்துகொண்டு வாருங்கள். உங்கள் லயங்களில் நொண்டி நடப்பவர்கள் எத்தனை பேர், கிளினிக் கொப்பி உள்ளவர்கள் எத்தனை பேர், ஆப்பரேஷன் திகதிக்குக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய கக்கூசுக்கு எத்தனை படி என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள். மாவட்டக் காரியாலயம் அதைத் தொகுத்துக் கம்பனியின் முன் வைக்கும். வயசுக் கோளாறு என்று அவர்கள் மறுபடி சொன்னால், எத்தனை பேருக்கு, எத்தனை படியில் என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.